கப்பலும் கணக்கும்

தமிழ்ப் பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடைபெறும்போது 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் தலைப்பு இடம்பெறாமற் போவது அரிது. மாணவர் மேடையேறுவர், வ. உ. சிதம்பரனார் சிறையில் செக்கிழுத்த கொடுமையைக் கண்ணீர் மல்க எடுத்துரைப்பர், அவையோர் கைதட்டுவர். அம்மாணவரை அழைத்து, "அந்தக் கப்பல் யாருடைய பணத்தால் வந்தது? எத்தனை காலம் ஓடியது? ஏன் நின்றது?" என்று வினவினால், முதல் இரண்டு வினாக்களுக்கும் விடை வாராது. மூன்றாவதற்கு, 'வெள்ளையர் கொடுமையால் நின்றது' என்னும் ஒரே விடை வரும். குறை மாணவருடையதன்று. அவர்களுக்குக் கதையை வழங்கிய நூலும் திரைப்படமும் மேடைப்பேச்சும் அந்த ஒரே விடையைத்தான் திரும்பத் திரும்பக் கற்பித்து வந்துள்ளன. அக்கதை சொல்லப்பட்டுவரும் முறையில் உள்ள நிறையையும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை வெளியே தேட வேண்டுவதில்லை. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம், ஒரு செயலில் இறங்குவோர் நான்கு வலிமைகளை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறது. மேற்கொண்ட செயலின் வலிமை, செய்வோரின் வலிமை, எதிர்ப்போரின் வலிமை, துணைவரின் வலிமை என்பன அவை. துணை என்பதை இருதிறத்தார்க்கும் துணையாவாரைக் குறிப்பதாகக் கொண்ட பரிமேலழகரின் நுட்பம் இங்கு நினைக்கத்தக்கது. சிதம்பரனார் திருக்குறளில் தோய்ந்தவர். அறத்துப்பாலுக்கு உரை கண்டவர். அவர் கதையை வள்ளுவர் வகுத்த அளவுகோலால் அளப்பது அவருக்குச் செய்யும் குறையாகாது.

செயலும் செய்தவரும்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டுவது அக்காலத்தில் ஆங்கிலேயரின் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கு எதிராகச் சுதேசி நீராவிக் கப்பற் கம்பெனி 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். ஆசியர் எவரும் பங்கு வாங்கலாம் என்பது விதி. தலைவராக அமர்ந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே வள்ளலே இவர் என்பதைத் தமிழாசிரியருள்ளும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏடுகளைத் தேடித் தொகுத்த கையே கப்பலுக்கும் பொருள் திரட்டியது. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கினார்; மொத்தப் பங்குகளில் ஐந்தில் ஒன்று அவருடையது. பாரதியார் தம் 'இந்தியா' இதழின் வாயிலாகக் கம்பெனிக்கு ஆதரவு திரட்டினார். கம்பெனியில் சிதம்பரனார் ஏற்றிருந்த பதவி துணைச் செயலாளர் என்பதே. ஆயினும் அதன் உயிர் அவரே என்பதில் ஐயமில்லை.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயிலிருந்த ஒரு கப்பற் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் பெற்றனர். ஆங்கிலக் கம்பெனி அந்தப் பம்பாய்க் கம்பெனியை நெருக்கியது. கப்பல் திரும்பப் பெறப்பட்டது. உடனே இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்திய சிதம்பரனார், வாடகைக் கப்பலை நம்பி வாழ இயலாது எனத் தெளிந்தார். அதன் பின்னரே 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் விலைக்கு வாங்கப்பெற்று 1907இல் தூத்துக்குடியை அடைந்தன.

இவ்வளவில் கதையின் முதற்பகுதி முடிகிறது. செயலின் அருமையும் செய்தவரின் ஊக்கமும் இதில் விளங்குகின்றன. வழக்கமாகச் சொல்லப்படும் கதையும் இவ்விரண்டையும் நன்றாகவே காட்டுகிறது. இடர்ப்பாடு அடுத்த இரண்டு வலிமைகளில் தொடங்குகிறது.

எதிரியின் உருவம்

பிரித்தானிய இந்தியக் கம்பெனி 1856இல் வில்லியம் மெக்கின்னன் என்னும் ஸ்காத்லாந்துக்காரரின் முயற்சியால், கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே அஞ்சல் சுமக்கும் சிறு கம்பெனியாகத் தோன்றியது. 1862இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அரசினர் தந்த அஞ்சல் ஒப்பந்தங்களே அது வளர்வதற்கு ஊட்டமாயின. சுதேசிக் கம்பெனி தோன்றிய காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதற்கிருந்தன. மலாயாவிலும் சிங்கையிலும் வாழும் தமிழர்க்கு அக்கம்பெனி அயலானது அன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிப் பினாங்கிலும் கிள்ளான் துறையிலும் சிங்கையிலும் இறங்கிய பாட்டன்மார் பலரைச் சுமந்து வந்தவை அதன் கப்பல்களே. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜுலா'வின் பெயர் இன்றும் முதியோர் வாயில் வழங்குகிறது. தூத்துக்குடியில் சிதம்பரனாருக்கு எதிரே நின்ற கம்பெனியும், தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றி வந்த கம்பெனியும் ஒன்றே. இத்தொடர்பைச் சுட்டிக்காட்டும் பாடம் அரிதினும் அரிது.

இத்தகைய பெருங்கம்பெனியின் படைக்கலம் யாது? கப்பலின் வேகமன்று, மாலுமிகளின் திறமையுமன்று. நட்டத்தை நெடுநாள் தாங்கும் ஆற்றலே அதன் படைக்கலம். நூறு வழிகளில் கப்பலோட்டுவோர் ஒரு வழியில் இழந்ததை மற்றவற்றில் ஈட்டிக்கொள்வர். ஒரே வழியில் இரண்டே கப்பல் ஓட்டுவோர்க்கு அவ்வழியில் ஏற்படும் நட்டம் முழு நட்டம். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. இறுதியில் ஆங்கிலக் கம்பெனி கட்டணமே வாங்காமல் ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோர்க்குக் குடை ஒன்றும் இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தது என்று கூறுவர். கொடை போல் தோன்றினும் இது முதலீடேயாம். எதிரி வீழ்ந்த பின்னர்க் கட்டணத்தை ஏற்றிக் குடையின் விலையையும் சேர்த்து மீட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு.

இம்முறை தூத்துக்குடியில் புதிதாகத் தோன்றியதன்று. 1893ஆம் ஆண்டையொட்டிப் பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஜப்பானியரின் நிப்பன் யூசென் கைஷாவுடன் சேர்ந்து பருத்தி ஏற்றிச் செல்லக் கப்பல் வழி தொடங்கினார். எதிரே நின்றது பி. அண்டு ஓ. என்னும் ஆங்கிலப் பெருங்கம்பெனி. ஒரு டன்னுக்கு 17 ரூபாயாக இருந்த கட்டணத்தை அது ஒன்றரை ரூபாய் வரை இறக்கியது. டாட்டாவின் கப்பல் வழி நிலைக்கவில்லை. ஜப்பானியர் வழி நிலைத்தது. கட்டணத்தைக் குறைப்பதோடு அமையாது, தங்கள் கப்பல்களிலேயே சரக்கேற்றிய வணிகர்க்குக் குறித்த காலம் கழிந்தபின் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் வழக்கமும் பெருங்கம்பெனிகளிடம் இருந்தது. இடையே ஒரு முறை வேற்றுக் கப்பலில் சரக்கேற்றினாலும் அத்தொகை போய்விடும். சிங்கை, பினாங்குத் துறைகளில் 1897இல் ஏற்பட்ட கப்பற் கூட்டமைப்பும் இத்தகைய கட்டுக்களால் வணிகரைப் பிணித்ததுதான்.

சொன்ன முறையும் விட்ட பகுதியும்

இனி, கதை சொல்லப்பட்ட முறையை நோக்கலாம். 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் பெயரைத் தமிழுலகில் நிலைநாட்டியது ம. பொ. சிவஞானம் எழுதிய நூல். 1936இல் சிதம்பரனார் மறைந்தபோது அவர் பெயர் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. அம்மறதியை ஒழித்தது அந்நூல் செய்த தொண்டு. அதற்குத் தமிழர் என்றும் கடப்பாடுடையர். அந்நூலைத் தழுவி 1961இல் பி. ஆர். பந்துலு இயக்கிய திரைப்படம் வெளிவந்தது. சிவாஜி கணேசன் சிதம்பரனாராகவே வாழ்ந்து காட்டினார், பாரதியாராக எஸ். வி. சுப்பையா நடித்தார். வெளிவந்த காலத்தில் அப்படம் பொருள் ஈட்டவில்லை; ஆயினும் பின்வந்த தலைமுறைகளின் உள்ளத்தில் சிதம்பரனாரின் முகம் அப்படத்தின் முகமாகவே பதிந்தது. சிறையில் மெலிந்து தளர்ந்த அவ்வுருவத்தைக் கண்டு கலங்காதார் இலர். ஒரு கலைப்படைப்பு இதனினும் மேலாகச் செய்தல் அரிது.

எனினும் படத்தைக் கண்டு வெளிவந்தோர் நெஞ்சில் தங்குவது யாது? செக்கு தங்குகிறது, கம்பெனி தங்குவதில்லை. தியாகம் தங்குகிறது, அதற்கு முன் நிகழ்ந்த தொழிற்போர் தங்குவதில்லை. வாழ்க்கை வரலாறு ஒருவரை நடுவில் நிறுத்துவது இயல்பே. ஆனால் அவ்வாறு நிறுத்தியதன் விளைவாக நாற்பதாயிரம் பங்குகளின் கதை ஒரு தனி மனிதரின் கதையாகச் சுருங்கிவிட்டது. 'ஓட்டிய' என்னும் பெயரெச்சம் ஒருமையைத் தழுவி நிற்கிறது. 25 ரூபாயை எண்ணிக் கொடுத்தவரும், பம்பாய்க்கும் கொழும்புக்கும் கப்பல் தேடி அலைந்தவரும், சரக்கேற்ற இசைந்த வணிகரும் அவ்வொருமைக்குள் மறைந்துபோயினர்.

மறைந்தவருள் முதன்மையானவர் வேறொருவர் உளர். ஆங்கிலேயரின் கப்பலில் இலவசமாக ஏறி, குடையையும் வாங்கிக்கொண்டு கொழும்பில் இறங்கிய பயணியே அவர். அவரும் தமிழரே. மேடைப்பேச்சுகளில் அவருக்கு இடமில்லை. இடந்தந்தால் தமிழரின் ஒற்றுமைக்கு இழுக்கு வரும் என்று அஞ்சுவர் போலும். அவரைத் துரோகி என்று தூற்றுவதும் முறையன்று. பிழைப்புத் தேடிக் கடல் கடப்போருக்கு எட்டணாவும் பெருந்தொகை. ஏழையின் அந்த எட்டணாவைத்தான் ஆங்கிலக் கம்பெனி படைக்கலமாக எடுத்தது. அவரைக் காட்டாத கதை எதிரியின் சூழ்ச்சியையும் முழுமையாகக் காட்டாது. வள்ளுவர் சொன்ன துணைவலியும், அது இருதிறத்தார்க்கும் உரியது என்ற உரையாசிரியரின் நுட்பமும் இவ்விடத்தில்தான் விளங்குகின்றன.

இத்தகைய பயணியை அஞ்சாது காட்டிய எழுத்து ஒன்று உண்டு. இரவீந்திரநாத் தாகூர் 1912இல் வெளிவந்த தம் 'ஜீவன் ஸ்மிருதி' என்னும் நினைவு நூலில், தமையனார் ஜோதிரிந்திரநாத் வங்காளத்துப் பாரிசால் வழியில் நீராவிக் கப்பல் ஓட்டியதைக் கூறுகிறார். நிகழ்ந்தது 1880களில். அங்கும் எதிரே நின்றது ஆங்கிலக் கம்பெனியே. அங்கும் கட்டணம் இறங்கி இறங்கி இன்மையில் முடிந்தது. நாட்டுப்பற்று மிக்க இளைஞர் பயணிகளை அழைத்து வந்து தமையனாரின் கப்பலில் ஏற்றினர்; பயணிகள் கட்டணமின்றி ஏறியதோடு தின்பண்டமும் பெற்றுச் சென்றனர்; பயணிகள் பெருகப் பெருக நட்டமும் பெருகியது. எத்துணைப் பற்றாயினும் கணக்கு அதற்கு இரங்காது என்பதைத் தாகூர் நகைச்சுவையோடு சொல்லிச் செல்கிறார். தமையனார் மீது அவர் கொண்ட அன்பு அதனால் ஓரிழையும் குறையவில்லை. வீரத்தைப் போற்றுவதும் கணக்கைச் சொல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இப்பகுதி தக்க சான்று. தமிழில் சிதம்பரனாரைப் பற்றிய மேடைப்பேச்சுகளும் பள்ளிக் கட்டுரைகளும் இத்துணிவை மேற்கொள்ளவில்லை.

எழக்கூடிய தடை

"சுதேசிக் கம்பெனியை வீழ்த்தியது கட்டணப் போட்டியன்று, அரசின் அடக்குமுறையே. தலைவரைச் சிறையிலிட்ட பின் கம்பெனி எவ்வாறு நிற்கும்?" என்று தடை எழுப்புவோர் உளர். தடை வலியதே. 1908ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குச் சிதம்பரனார் துணை நின்றார். அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள் கைது செய்யப்பெற்றார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நாற்பதாண்டுக்கு நிகரான இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்று, மேல்முறையீட்டில் குறைக்கப்பெற்று, 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். ஆட்சியும் வணிகமும் கைகோத்து நின்றதை மறுப்பார் இலர். ஒரு கம்பெனிக்கு அஞ்சல் ஒப்பந்தமும் மற்றொன்றன் துணைச் செயலாளருக்குச் சிறையும் தந்த அரசை நடுநிலை அரசு என்று யார் கூறுவர்?

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. கைது நிகழ்ந்தது 1908இல். கம்பெனி கலைக்கப்பெற்றது 1911இல். இடையே மூன்று ஆண்டுகள் உள்ளன. சிறைக்கதையைச் சொல்வோர் அம்மூன்று ஆண்டுகளையும் ஒரே தாவலாகத் தாண்டிவிடுகின்றனர். தலைவரின்றிக் கம்பெனி எவ்வாறு நடந்தது, பங்குதாரர் என்ன எண்ணினர், அஞ்சி விலகியோர் யார், துணிந்து நின்றோர் யார் என்னும் வினாக்களுக்கு மேடையில் இடமே இல்லை. அடக்குமுறையும் கட்டணப் போரும் ஒரே இடுக்கியின் இரு கைகளாக இருந்தன. ஒரு கையை மட்டும் காட்டுவோர் இடுக்கியைக் காட்டியவராகார்.

சிதம்பரனார்க்குப் பின் நிகழ்ந்த ஒன்றை ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1919இல் பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியோர் சிந்தியா நீராவிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கினர். மூலதனம் நாலரைக் கோடி ரூபாய். அதன் 'லாயல்ட்டி' என்னும் கப்பல் அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது; அந்நாளே இன்று இந்தியாவில் தேசியக் கடல்வழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதனையும் கட்டணப் போரால் நெருக்கினர். 1914இல் பி. அண்டு ஓ. கம்பெனியோடு இணைந்துவிட்ட பிரித்தானிய இந்தியக் கம்பெனியே அங்கும் எதிரி. ஆனால் சிந்தியா வீழவில்லை. 1923இல் எதிரியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. கப்பல்களின் அளவுக்கும் செல்லும் வழிக்கும் விதித்த வரம்புகளைக் கசப்போடு ஏற்றது. உயிரோடிருந்து, விடுதலை பெற்ற இந்தியாவிலும் கப்பலோட்டியது. அவ்வுடன்படிக்கையைப் பாராட்டி மேடைப்பேச்சு நிகழ்த்துவார் இலர். பத்து லட்சம் செய்ய இயலாததை நாலரைக் கோடி செய்தது என்னும் உண்மை வீரக் கதைக்குச் சுவையூட்டாது போகலாம். ஆனால் புதிய முயற்சியில் இறங்கவிருக்கும் இளைஞனுக்குச் செக்கின் கதையைவிட அது மிகுதியாகப் பயன்படும்.

இன்றைய ஆராய்ச்சியும் ஆசிரியர் கடனும்

அண்மைக்காலத்தில் இக்குறையை நிரப்பும் முயற்சி நடைபெற்று வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆ. இரா. வேங்கடாசலபதி பல்லாண்டுகள் ஆவணங்களைத் தேடி ஆராய்ந்து, சுதேசிக் கப்பற் கம்பெனியின் வரலாற்றை ஆங்கிலத்தில் 'சுதேசி ஸ்டீம்' என்னும் பெயரில் 2023இல் வெளியிட்டார். அவருடைய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்னும் தமிழ் நூல் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பெருமிதம் நிற்க வேண்டிய இடத்தில் பெருமிதமும், சான்று நிற்க வேண்டிய இடத்தில் சான்றும் நிற்கும் எழுத்து தமிழ் வரலாற்றுத் துறைக்கு வந்துவிட்டது. அது வகுப்பறையை எட்ட வேண்டும்.

மலேசியத் தோட்டத் தமிழர்க்குப் பங்குப் பணம் என்பது ஏட்டுச் செய்தியன்று. 1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டு வந்தன. பால் மரம் சீவியோர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேர்ந்து தோட்டம் வாங்கினர். அவ்வெள்ளியைச் செலுத்தியவர் பேரப்பிள்ளைகளுக்கு, 1906இல் 25 ரூபாய் செலுத்தியவரின் உள்ளம் எளிதில் விளங்கும். விளங்கச் செய்யும் பொறுப்பு ஆசிரியருடையது. பாடத்தின் முடிவில் 'சிதம்பரனார் எவ்வளவு துன்புற்றார்?' என்று வினவுவதோடு, 'பங்கு விலை என்ன? எதிரி இலவசமாக ஏற்றியது ஏன்? பயணியின் நிலையில் நீ இருந்தால் எந்தக் கப்பலில் ஏறியிருப்பாய்?' என்றும் வினவலாம். கடைசி வினாவுக்கு மாணவர் உடனே விடை கூறமாட்டார். சற்றே எண்ணிப் பார்ப்பார். அவ்வெண்ணமே கல்வி.

தோல்வியை வெற்றியாகப் பாடும் வழக்கம் தமிழில் நெடிது. விழுப்புண் பட்டு வீழ்ந்தோர்க்கு நடுகல் நாட்டிய மரபு அது. அம்மரபு இகழத்தக்கதன்று. ஆனால் வணிகப் போரில் வீழ்ந்த கம்பெனிக்கு நடுகல் மட்டும் போதாது, கணக்கேடும் வேண்டும். கணக்கில்லாத வீரக்கதை அடுத்து வருவோரையும் அதே துறையில், அதே இரண்டு கப்பல்களோடு இறக்கிவிடும். வீழ்ந்ததன் காரணம் அறிந்தவர்களே மீண்டும் எழ வல்லவர்.

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரை எதிர்த்த பெருங்கம்பெனியின் பெயர் எந்தக் கப்பலின் மீதும் இன்று இல்லை. 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் அழகிய தலைப்பையும் மாற்ற வேண்டுவதில்லை. அது அவருக்கே உரியது. அத்தலைப்பின் கீழ் எழுதப்படும் கதையில் பங்கு வாங்கியவரும் இடம்பெற வேண்டும். குடை வாங்கியவரும் இடம்பெற வேண்டும்.